கடலில்லாத பீச்சில் ஒரு குதிரைப் பந்தயம்

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக் கரையில் நடந்தது இது. இப்போது அந்த இடத்தில் வரிசையாக வீடுகள். அங்கே ஒரு காலத்தில் பீச் இருந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

நிஜமாகவே ஜனங்கள் அதைப் பீச் என்றுதான் சொன்னார்கள். நாகப்பட்டினம் பக்கம் கடற்கரையில் பொருட்காட்சி நடத்திக்கொண்டிருந்த ஒரு காண்ட்ராக்டர், கோடையில் ஆறு வற்றியதும் ராட்டினத்தையும் கூடாரங்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். அங்கேயும் மணல், இங்கேயும் மணல், தண்ணீர் மட்டும்தானே இல்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. அந்தக் குறையும் வேண்டாமென்று, கப்பலும் அலையுமாக ஒரு பெரிய படுதா எழுதித் தொங்கவிட்டார். கடலையே பார்த்திராத எங்கள் ஊர்க்காரர்கள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதல் வருஷம் ராட்டினமும் பெரிய அப்பளமும். இரண்டாம் வருஷம் மரணக் கிணறு. மூன்றாம் வருஷம், கரையோரம் தரை கெட்டியாக இருந்த பொட்டலில் வட்டமாக மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, ஜட்கா வண்டிக் குதிரைப் பந்தயம் என்று தெருத் தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள். நான்காம் வருஷம் அந்தப் பந்தயம் இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. திருச்சி டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து போகும் நாங்கள் மூன்று டீச்சர்கள் சேர்ந்து மாத வாடகைக்கு ஒரு ஜட்கா வைத்துக்கொண்டிருந்தோம். ஓட்டியவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயசிருக்கும், அதிகம் பேச மாட்டார். அவருடைய குதிரைக்கு மைனா என்று பெயர். பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. பாய்க்குப் பிள்ளை குட்டி கிடையாது, எல்லாம் மைனாதான்.

மூன்று பேரில் தினமும் தாமதமாகக் கிளம்புகிறவள் நான். தெருமுனைக்கு நான் ஓட்டமும் நடையுமாக வருவதற்குள் வண்டி தாண்டிவிடும். அதனால் தூரத்திலிருந்தே, மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். வண்டி நின்றதும், வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த வெல்லக்கட்டியை மைனாவுக்குக் கொடுப்பேன். இரண்டு மூன்று மாதத்தில் குடை மேலே எழும்பினால் போதும், பாய் லகானை இழுப்பதற்கு முன்னாலேயே அது ஓரம் கட்டி என் எதிரே வந்து நிற்கும். "உங்க கொடையப் பாத்துட்டா என் பேச்சு எடுபடாது டீச்சரம்மா" என்று பாய் சிரிப்பார். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஏற்ற முடியாத நான் ஒரு குதிரைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் லைசென்ஸ் பார்க்க வந்த அதிகாரி, மைனாவின் பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு வயசாகிவிட்டது, அடுத்த மாதம் வரும்போது வேறு குதிரை இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வண்டியிலிருந்து கழித்த குதிரையைச் செங்கல் சூளைக்காரர்கள்தான் வாங்குவார்கள். சூளைக்குப் போன குதிரை ரொம்ப நாள் தாங்காது. பாய்க்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பந்தயம் என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டார். அத்தனை பேருக்கு முன்னால் மைனா ஓடிக் காட்டிவிட்டால் அப்புறம் யார் அதைக் கிழடு என்று சொல்வது என்பது அவர் நம்பிக்கை.

அப்பா பெருமாள் கைங்கரியத்தில் இருந்தவர். நான் வேலைக்குப் போவதிலேயே அவருக்கு அரை மனசு. பந்தயம், ராட்டினம் என்று வாயைத் திறந்தால் வேலையையே விடச் சொல்லிவிடுவார். ஆகவே புத்தகம் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, எங்கள் ஜட்காவில் கூட வரும் டிராயிங் டீச்சரோடு கிளம்பினேன். கோடை விடுமுறை விட்டுப் பத்து நாளாகியிருந்தது. மைனாவைப் பார்த்தும் அத்தனை நாளாயிற்று.

நல்ல வெயில். ஆறு வண்டிகள். கூண்டையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் பலகையும் சக்கரமுமாக நின்றன. நாங்கள் வளைவுக்கு நேரே, கயிற்றை ஒட்டி இடம் பிடித்தோம். குடையை விரித்துப் பிடித்திருந்தேன். நாலு சுற்று ஓட வேண்டும். முதல் இரண்டு சுற்றில் மைனா நாலாவதாக வந்தது. மூன்றாம் சுற்றில் இரண்டாவது. கடைசிச் சுற்று ஆரம்பித்ததும் எனக்குப் பின்னால் நின்றவர், மறைக்கிறது, குடையை மடக்குங்கள் என்று முணுமுணுத்தார். மடக்கினேன்.

எதிர்ப்பக்கத்து வளைவில் மைனா எல்லாவற்றையும் முந்திவிட்டது. பாய் பலகையில் எழுந்து நின்றிருந்தார். அவர் அப்படி எழுந்து நின்று ஓட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எங்கே நிற்கிறேன், யார் வீட்டுப் பெண், எல்லாம் மறந்துபோயிற்று. மைனா, மைனா என்று கத்திக்கொண்டே கையைத் தூக்கினேன். அந்தக் கையில் குடை இருந்தது.

பக்கத்தில் பார்க்காமலிருக்கக் குதிரையின் கண்ணோரம் தோல்பட்டை கட்டியிருப்பார்கள். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். நான் நேரே இருந்தேன். மைனா தலையை ஒரு தரம் உயர்த்தியது. ஓட்டம் குறைந்தது. அப்படியே ஓரம் கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் எதிரே வந்து நின்றுவிட்டது.

பின்னால் வந்த வண்டி அதன் சக்கரத்தில் மோதியது. மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. பாய் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். மூன்றாவதாக வந்த வண்டி அவர் கால் மேல் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். ஜனங்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். குடையைப் பிடித்த கை மேலேயே நின்றது, கீழே இறக்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நடுவில் மைனா கழுத்தை நீட்டி, என் இன்னொரு கையை மூக்கால் முட்டி, வெல்லம் தேடிக்கொண்டிருந்தது.

கிழட்டுக் குதிரை, மூச்சு வாங்கிப் பாதியில் நின்றுவிட்டது என்று நாலு பேர் சொன்னார்கள். அதற்குள் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தார். "நீங்கதானம்மா முன்னால நின்னீங்க. குதிரை ஏன் நின்னுச்சு?"

டிராயிங் டீச்சர் என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்பாவை நினைத்தேன், ஊர் என்ன பேசும் என்று நினைத்தேன்.

"தெரியலை" என்றேன்.

பாய் நாலடி தூரத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. மைனாவைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே பந்தயத்தைப் போலீஸ் நிறுத்தியது. அப்புறம் அது நடக்கவே இல்லை.

மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. நான்காம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அங்கிருந்து லைசென்ஸ் ஆபீசுக்குப் போய், குதிரை களைத்து நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்பா என்ன சொன்னாலும் சரி என்று ஒரு முடிவோடுதான் போனேன்.

காலில் கட்டோடு பாய் படுத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், முந்தின நாள் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள், தீனி போட வழியில்லாமல் வீட்டில் விற்றுவிட, மைனாவைச் சூளைக்காரர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாய், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்க டீச்சரம்மா" என்றார். "நான் ஜெயிக்கணும்னுதானே தூக்கினீங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் தெரியலை என்று சொன்னதைக் காதால் கேட்டுக்கொண்டு, உடைந்த காலோடு, என் பேர் கெடக் கூடாதென்று சும்மா கிடந்திருக்கிறார் மனுஷன். மறுநாளே அவருடைய மச்சான் சூளைக்குப் போய் மைனாவைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். குதிரையை வேறு சூளைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்களாம், எந்த ஊர் என்று சொல்லவில்லை. குதிரையே போன பிறகு ஆபீசில் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நானும் என்னைச் சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஆடி மாதம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் திருவானைக்காவலில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றேன். கூட்டம் அதிகம், பஸ் நிற்காமல் போய்விடுமோ என்று பழக்கதோஷத்தில் மடக்கிய குடையைத் தூக்கினேன்.

பஸ்ஸுக்கு முன்னால் செங்கல் ஏற்றிய குதிரை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது நடுரோட்டிலிருந்து திரும்பி, ஓரம் கட்டி, என் எதிரே வந்து நின்றது. குதிரையின் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. முதுகில் புண். ஆனால் நெற்றியில் அந்த வெள்ளைத் திட்டு. மைனா கழுத்தை நீட்டி என் கையை முகர்ந்தது. என் கையில் ஒன்றும் இல்லை.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. வண்டிக்காரன் சவுக்கால் இரண்டு போட்டான். மூன்றாவதற்கு ஓங்கும்போது நான் குறுக்கே போய் நின்றேன்.

"அடிக்காதீங்க. குதிரை மேல தப்பில்லை. நான்தான் நிறுத்தினேன்."

பஸ்ஸில் தலையை நீட்டிய அத்தனை பேரும் பார்த்தார்கள், ஸ்ரீரங்கத்துத் தெரிந்த முகங்களும் இருந்தன. வண்டிக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு லகானைச் சொடுக்கினான். மைனா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

பாய் கால் வளைந்துபோய், ஜட்கா ஏற முடியாமல், மச்சானின் பீடிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் அவரிடம் போய்ச் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டார். "வெல்லம் குடுத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். பாய் கடைப் பலகையில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கான்ஸ்டபிளிடம் சொல்லியிருக்க வேண்டியதை மூன்று மாதம் கழித்து ஒரு வண்டிக்காரனிடம் சொன்னேன், அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. குடையைத் தூக்கியதற்கு என்னை நானே மன்னித்து ரொம்ப நாளாகிறது. அன்றைக்குச் சொன்ன அந்த "தெரியலை" மட்டும், சமையலறையில் வெல்ல டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் தொண்டையில் வந்து நிற்கிறது.