ஷுக்ரிக்கு இடமில்லாத தெப்பம்

தேயிலைத் தோட்டத்து லயத்துப் பூவம்மா இருமலில் படுத்துக் கிடந்த மழைக்காலம் முழுவதும், வெள்ளிதோறும் அவள் வாசலில் வாழையிலையில் சுட்ட மீன் துண்டு ஒன்று இருக்கும். யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது. வைத்தவர் என் தங்கை ஸைனபின் கணவர் ஹுமைத். நான் ஒருநாள் பார்த்துவிட்டேன். அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. படகில் ஒருவன் பிடித்த மீன் எல்லாருடையதும்தானாம், அதற்கு நன்றி வாங்குவது வெட்கமாம்.

அவர் பிறந்தது படகில். கிழக்கே மலாய்க் கடலில், வீடே இல்லாமல் படகோடு திரியும் சனம். பதினைந்து வயதில் புயலில் படகு உடைந்து, ஒரு கப்பல் அவரைத் தூக்கித் திருகோணமலையில் இறக்கிவிட்டது. கருவாட்டு வியாபாரி ஒருவரோடு மலைமேல் எங்கள் லுணுகலைக்கு வந்தார், கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தார், என் தங்கையைக் கட்டினார். தமிழ் நன்றாகப் பேசினாலும் நினைப்பு அந்தப் பாஷையில்தான். தண்ணீர் ஓடிப்போகும் திசை அவருக்குக் கடல்பக்கம், மற்றது கரைப்பக்கம். "மதினி, சட்டியக் கடல்பக்கம் நகத்துங்க" என்பார். சிரித்துக்கொண்டே நகர்த்துவேன். மனிதரும் அவருக்கு இரண்டே வகை: படகில் இருப்பவர், கரையில் நிற்பவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் ஸைனபுக்குப் பிரசவ வலி கண்டு இரத்தம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஷுக்ரியின் லொறி வாசலில் நின்றது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டோம். சீனி மூட்டையில் இரத்தம் படும் என்றான். மலைக்கு வந்த மீனுக்கு லொறி கேக்குதா என்று சிரிக்கவும் சிரித்தான். மாட்டு வண்டியில் போகும் வழியிலேயே தாயும் பிள்ளையும் மௌத்தாகிவிட்டார்கள்.

ஹுமைத் அவனை அடிக்கவில்லை. படகில் இடம் மறுத்தவனுக்கு அவர் சனம் நெருப்பும் கொடுக்காது, முகமும் கொடுக்காது. பதினொரு வருடம் ஷுக்ரி சொன்ன ஸலாமுக்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் ஐந்து வேளையும் தொழுகிறவள், பதில் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அது இனித்தது. தொழுகைப் பாயிலேயே அவனுக்குக் கேடு கேட்டிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், இன்றும் கேட்பேன்.

எழுபத்தெட்டு மழையில் ஓயா ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துப்போனது. ஹுமைத் மூங்கிலும் தகரப் பீப்பாவும் கட்டித் தெப்பம் விட்டார். தோட்டத்துச் சனம் அதில்தான் கடந்தது. ஒரு பின்னேரம் ஷுக்ரி, மகள் முஹ்ஸினாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பாம்பு தீண்டியிருந்தது. நான் தெப்பத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏற்றமாட்டாரோ என்று என் நெஞ்சு அடித்தது. ஏற்றாமல் விடட்டும் என்றும் அடித்தது.

ஹுமைத் பிள்ளையை வாங்கி என் மடியில் கிடத்தினார். நோயாளியைக் கரையில் விடும் வழக்கம் அவர் சனத்திடம் இல்லை. பின்னாலேயே ஷுக்ரி காலெடுத்து வைத்தான். ஹுமைத் கழியைக் குறுக்கே நீட்டினார்.

"இடம் இருக்கு. உனக்கு இல்ல."

ஷுக்ரி சேற்றில் விழுந்து கும்பிட்டான். தெப்பம் நகர்ந்தது. இரண்டு நாள் அது திரும்பிப் போகவில்லை. மகள் அக்கரை ஆஸ்பத்திரியில் பிழைத்தது தெரியாமல் அவன் மழையில் அங்கேயே நின்றான்.

அடுத்த வருடம் ஹுமைத், மொனராகலை வழியாகப் பொத்துவில் கடற்கரைக்கே குடிபோகப் புறப்பட்டார். மன்னிப்புக் கேட்க ஷுக்ரியும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து தள்ளி நின்றான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் மச்சான் என்றேன், ஒப்புக்கு. அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே பஸ்ஸில் ஏறினார்.

"பிள்ள நல்லா இருக்கட்டும், மதினி. அவன் நிக்கட்டும். கரையிலதானே நிக்கிறான், முங்கிற மாட்டான்."