ஈயப்பொட்டு ஆசிரியரும் மயிலிட்டித் தண்ணீர் மணியும்

எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அண்ணை அளவெட்டியில் பிறந்தார். பிறந்த நேரத்தைச் சொல்ல வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் மூன்று நேரம் சொல்லுகிறார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். இடையில் வேறு யாரும் இல்லை. மூத்ததும் கடைசியும்தான், நடுப்பகுதி கிடையாது.

அண்ணையின் நற்குணங்களைப் பற்றி இந்த நினைவு மலரில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாம் உண்மை. ஆனால் அவர் அமைதியானவர் என்று யாராவது எழுதியிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் நம்ப வேண்டாம். அண்ணைக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். கோயிலில் ஒலிபெருக்கி கரகரத்தால் பூசை முடியும்வரை பொறுக்கமாட்டார். கும்பிட்ட கையோடு வயரைத் தேடிப் போய்விடுவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணை நடத்திய “ஈயப்பொட்டு” இதழில் ஒரு பிழை வந்தது. அந்தப் பிழையால் அண்ணை தன் உயிர் நண்பரை இழந்தார். பிழை அண்ணையுடையதல்ல, என்னுடையது. இது அண்ணைக்கும் அண்ணிக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அந்த நண்பரிடம் சொல்லாமலும் உங்களிடம் சொல்லாமலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு என்னால் வேட்டி கட்டிக்கொண்டு நிற்க முடியாது. இதை எழுதத் தொடங்கி ஆறு நாள். இருந்து எழுதினால் எழும்புகிறேன், எழும்பினால் முற்றத்துக்குப் போகிறேன். அச்சகத்தார் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்கள்.

அண்ணை சிறுவனாக இருந்த சண்டைக் காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கரண்ட் எடுப்பார்கள். எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்து பருத்தித்துறையில் இருந்தபோது, அப்படிச் சுற்றுவதற்கு அண்ணைக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். அவரும் வீட்டை விட்டு வந்தவர், மயிலிட்டிக் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். தன் பெயரை இதில் போடக்கூடாது என்று அவர் உத்தரவிட்டிருப்பதால் மயிலிட்டியார் என்றே எழுதுகிறேன். ஒருவர் சுற்ற மற்றவர் செய்தி கேட்பார். பிறகு மாறிச் சுற்றுவார்கள். அண்ணை கேட்டதை விடச் சுற்றியதுதான் அதிகம் என்பது அண்ணையின் முறைப்பாடு. மயிலிட்டியாரும் இதே முறைப்பாட்டை வைத்திருந்தார்.

சண்டை முடிந்து ஊர் திரும்பிய பின் அண்ணை சந்தியில் றேடியோ திருத்தும் கடை போட்டார். கொழும்பிலிருந்து விதவிதமான எலெக்ட்ரோனிக் சாமான்கள் வரத் தொடங்கின. பெடியங்கள் அவற்றை வாங்கிக்கொண்டு போய், எந்தக் கால் எதற்கு என்று தெரியாமல் எரித்துவிட்டுக் கடைக்கு வருவார்கள். தமிழில் படித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் அண்ணை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வரும்படி ஓர் இதழ் தொடங்கினார். வயரை ஒட்டச் சோல்டர் வைத்தால் ஈயம் உருகி உறையும் அந்தச் சின்ன வட்டத்தின் பெயரையே இதழுக்கும் வைத்தார்.

ஈயப்பொட்டில் வேலை செய்தவர்கள் நான்கே பேர். அண்ணை ஆசிரியர். அண்ணி கணினியில் எழுத்துக் கோத்தார். மயிலிட்டியார் கடல் பக்கம் எழுதினார். வள்ளத்தில் உப்புக்காற்று படாமல் வயரைக் காப்பது எப்படி, எஞ்சின் பற்றரியைப் பேணுவது எப்படி என்பதெல்லாம் அதில் வரும். நான் படம் கீறினேன், பின்அட்டைக்குப் பகிடித் துணுக்கும் எழுதினேன். சாதாரண தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதியும் என்னோடு அது ஒத்துப்போகவில்லை. ஆனால் கோடு நேராக வரும்.

இதழில் ஒரு வழக்கம் இருந்தது. தலையங்கத்துக்கும் முன்னால், முதல் பக்கத்தில், போன இதழின் பிழைதிருத்தம் வரும். அதன் கீழே பிழை விட்டவர் யார் என்றும் போடப்படும். “எரிஞ்சது ஆரின்ரையோ வீட்டிலை. விட்டது ஆர் எண்டு அவையளுக்குத் தெரிய வேணும்,” என்பார் அண்ணை. ஓர் இதழில் என் பெயர் நான்கு தரம் வந்தது. மகனின் பெயர் அச்சில் வந்துவிட்டது என்று அம்மா அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார்.

இன்னொரு விதியும் உண்டு. ரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு வரிசை, கீழிருந்து பார்த்தால் அதற்கு எதிர் வரிசை. சாமான்கள் பூட்டிய சுற்றுப் பலகையைத் திருப்பிப் பிடித்துத்தான் சோல்டர் வைப்பார்கள் என்பதால், எங்கள் இதழில் கால்களை எப்போதும் கீழிருந்து பார்ப்பதுபோலவே கீற வேண்டும். வாசகர்களும் அதற்குப் பழகியிருந்தார்கள்.

சண்டையால் மூடியிருந்த மயிலிட்டித் துறைமுகம் மீண்டும் திறக்கப்பட்டு மயிலிட்டியார் சொந்தக் கரைக்குத் திரும்பிய பின், ஒரு நாள் கடைக்கு வந்தார்.

“மச்சான், கட்டி நிக்கிற வள்ளத்துக்குள்ளை தண்ணி ஏறினா கரையிலை வாடிக் கொட்டிலுக்குள்ளை மணி அடிக்கிற மாதிரி ஒண்டு போடு. மாரியிலை ஒவ்வொரு மணித்தியாலமும் ஓடி ஓடிப் பாக்க ஏலாது.”

“ஏன், உனக்கும் வயசு போட்டுதோ?”

“எனக்கில்லை. வள்ளத்துக்கு.”

அண்ணை சுற்றை வடிவமைத்தார். எளிமையான சுற்று. இரண்டு வயர் நுனிகள் தண்ணீரில் நனைந்தால் மணி அடிக்கும். படம் கீறும் வேலை என்னிடம் வந்தது. அன்று பின்னேரம் எங்களுக்குக் கிரிக்கெட் ஆட்டம். ஒரு கையில் துடுப்பை வைத்துக்கொண்டு மறு கையால் கீறினேன் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. ரான்சிஸ்டரை மேசையில் நிறுத்தி, மேலிருந்து பார்த்து, கண்ட வரிசையிலேயே கால்களைக் கீறிவிட்டேன். அப்படியே அச்சாகிவிட்டது.

மயிலிட்டியார் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தானே மணியைச் செய்தார். வாளியில் கடல் தண்ணீர் எடுத்து வயரை நனைத்துப் பார்த்தார். மணி முனகியது. கால் மாறியிருந்தாலும் உப்புத் தண்ணீரில் அந்தச் சுற்று கொஞ்சம் வேலை செய்யும். மணி மலிவான சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பக்கம் பிழையாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. அது அண்ணையின் இதழ் அல்லவா.

மாரி மழை ஒரு நாள் பகல் முழுக்கக் கொட்டியது. மற்றவர்கள் நனைந்து நனைந்து தங்கள் வள்ளங்களில் தண்ணீர் இறைத்தார்கள். மயிலிட்டியார் மணியை நம்பி வாடியில் இருந்து கிழிந்த வலை பொத்தினார். வள்ளத்துக்குள் ஏறியது மழைத் தண்ணீர், அதில் உப்பு இல்லை. மணி வாயே திறக்கவில்லை. அவர் எழும்பிப் பார்த்தபோது வள்ளத்தின் முன்பக்க அணியம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மூன்றாம் நாள் வள்ளத்தை எடுத்தார்கள். எஞ்சின் திருத்த முடியாமல் போய்விட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போனார்.

அவர் கடைக்கு வந்து இதழை விரித்து மேசையில் வைத்தபோது நான் அங்கேதான் நின்றேன்.

“உதை ஆர் கீறினது?”

அண்ணை படத்தைப் பார்த்தார். ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். நான் வாய் திறக்க முன், “நான்தான். இவன் அண்டைக்கு விளையாடப் போட்டான்,” என்றார்.

“நீயோ?”

“ஓம்.”

“உன்ரை கையை நம்பித்தான் இவ்வளவு காலமும் கரண்டைத் தொட்டனான், மச்சான்,” என்றார் மயிலிட்டியார். இதழை எடுக்காமலே போய்விட்டார்.

அவர் போன பிறகு கேட்டேன்: “ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?”

“நீ எண்டு தெரிஞ்சா உன்னை வெட்டிப் போடுவான். என்னோடை எண்டா கதைக்காமல் மட்டும் விடுவான். பத்து நாளிலை சரி வந்திடும்.”

பத்து நாளில் சரி வரவில்லை. அடுத்த இதழின் முதல் பக்கத்தில், “பிழை விட்டவர்: ஆசிரியர்” என்று அண்ணை போட்டார். ஈயப்பொட்டில் அச்சான ஒரே பொய் அதுதான். அண்ணிக்கு எழுத்துக் கோக்க மனமில்லை. “உவன் கீறினதுக்கு நீங்கள் ஏன்?” என்று கேட்டார். “கெதியா அடியும். அச்சகம் பூட்டப் போறாங்கள்,” என்று மட்டும் அண்ணை சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு இதழ் வந்ததும் அண்ணை மோட்டார் சைக்கிளில் மயிலிட்டிக்குப் போய் ஒரு பிரதியை வாடியில் வைத்துவிட்டு வருவார். மயிலிட்டியார் அங்கே இருந்தால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதழில் அவர் எழுதும் கடல் பக்கம் தலைப்போடு வெறுமையாகவே வந்தது. குறுக்கெழுத்துப் போட்டி போடலாமே என்று நான் ஒரு தரம் சொன்னேன்.

“அது அவன்ரை இடம். நீ உன்ரை பகிடியைப் பின்அட்டையிலை விடு,” என்றார் அண்ணை.

இரண்டு மாரி போனது. எந்த நாளும் நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த இதழுக்குப் பிறகு, திருவிழாவுக்குப் பிறகு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். பகிடி விடுகிறவனுக்குத் தைரியம் அதிகம் என்று ஊரில் நினைக்கிறார்கள். அது பிழை.

அண்ணைக்கு நெஞ்சுவலி வந்து ஆசுப்பத்திரியில் சேர்த்தபோதும் அவரால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. நோயாளர் விடுதியில் மின்விசிறி ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. அதன் தட்டலை எண்ணி, எந்தத் திருகாணி கழன்றிருக்கிறது என்று தாதிக்கு விளங்கப்படுத்தினார். ஆனால் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்.

“மயிலிட்டியான் வந்தவனோ?”

“இல்லை அண்ணை. அங்கையிருந்து பஸ் இல்லையாம்.”

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் இதையே சொன்னேன். மயிலிட்டியாருக்கு யாரும் செய்தி சொல்லியிருக்கவே இல்லை. சொல்ல வேண்டியவன் நான். அடுத்த நாள் காலையில் அண்ணை எங்களை விட்டுப் போய்விட்டார். செத்தவீட்டுக்கு எத்தனையோ வாசகர்கள் இதழைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். மயிலிட்டியார் வரவில்லை.

இம்மலர் பற்றிக் கதைத்தபோது, “உவன் என்னத்தை எழுதுவான்?” என்று பெரியப்பா நியாயமாகத்தான் கேட்டார். அண்ணி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

“நீ எழுதாட்டி நான் எழுதுவன். நான் எழுதினா முழுக்க எழுதுவன்.”

மறுநாளே நான் மயிலிட்டிக்குப் போனேன். அண்ணையின் மோட்டார் சைக்கிளில்தான். சத்தத்தைக் கேட்டு மயிலிட்டியார் பழக்கத்தில் கடல் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு நினைவு வந்து என்னைப் பார்த்தார்.

“செத்தவீட்டுக்கு ஏன் வரேல்லை எண்டு கேக்க வந்தனியோ?”

“இல்லை. பிழைதிருத்தம் ஒண்டு கொண்டு வந்தனான்.”

கொப்பியில் எழுதியிருந்த தாளைக் கொடுத்தேன். தண்ணீர் மணிப் படத்தில் கால்கள் மேலிருந்து பார்த்துக் கீறப்பட்டுவிட்டன, பிழை விட்டவர் ஆசிரியரின் தம்பி என்று அதில் இருந்தது. இரண்டு தரம் வாசித்தார்.

“இது எப்ப எழுதினது?”

“நேற்று.”

“நேற்று. அவன் போய் இவ்வளவு நாளுக்குப் பிறகு.”

“ஓம்.”

அவர் எழும்பினார். மோட்டார் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நான் கண்ணால் அளந்தேன். அவர் என்னைத் தொடவில்லை.

“அவன் என்னட்டைப் பொய் சொல்லியிருக்கிறான்.”

“எனக்காகத்தான்.”

“ஆருக்காக எண்டாலும் என்னட்டை எல்லோ சொன்னவன். விசரன். நீ அண்டைக்கு வாயைத் திறந்திருந்தா உனக்கு ரெண்டு அடி குடுத்திட்டு, அண்டைக்குப் பின்னேரமே அவனோடை தேத்தண்ணி குடிச்சிருப்பன். ரெண்டு வருசமடா. ரெண்டு வருசம் கடலைப் பாத்தனான்.”

அவர் தாளை நாலாக மடித்து மடியில் செருகினார்.

“என்னைக் கேட்டவனோ?”

“மூண்டு தரம்.”

“நீ என்ன சொன்னனி?”

“பஸ் இல்லை எண்டு.”

அவர் வலையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடுவதுபோல நெடுநேரம் நின்றார். அதற்குள் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

கடைசியில், “எத்தினையாம் திகதி அந்தியேட்டி?” என்று கேட்டார். சொன்னேன். “என்ரை பேரைப் போடாதை. மற்றதெல்லாம் எழுது. உன்ரை பிழையை வடிவா எழுது.” அவ்வளவுதான். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அண்ணையைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், விடிய முன் வந்து பந்தல் போட்ட ஒழுங்கைக்காரருக்கும், செத்தவீட்டன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபடி சோறு கொடுத்தனுப்பிய அயல் வீடுகளுக்கும், என் தாமதத்தைப் பொறுத்து இந்தப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருந்த அச்சகத்தாருக்கும், தொலைவிலிருந்து வந்த ஈயப்பொட்டு வாசகர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று இம்மலரைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் கறுத்த, உயர்ந்த மனிதர் ஒருவர் வாசல் படலையடியில் உள்ளே வராமல் நின்றால், தயவுசெய்து கூட்டிவந்து முதல் பந்தியில் இருத்துங்கள். வள்ளத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். நான் பந்தியில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் எழும்பி என் பக்கம் வந்தால் யாரும் குறுக்கே விழ வேண்டாம். எனக்கு வர வேண்டிய இரண்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.