அப்பாதுரையின் கை

"இன்னாய்யா, சாப்ட்டியா?" என்ற கேள்வி காதில் விழுவதற்குள் அப்பாதுரையின் கை முதுகில் விழுந்திருக்கும். டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவன் சட்டையெல்லாம் டீயாகிவிடும். பஸ்ஸில் முன்சீட்டில் தூங்கிக்கொண்டு வருபவர், திண்டிவனம் தாண்டிவிட்டதோ என்று பதறி எழுந்திருப்பார். திரும்பிப் பார்த்தால், பல்லெல்லாம் தெரிய அப்பாதுரை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு யாருக்கும் கோபம் நிற்பதில்லை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லித்தருகிறார். ஒழுங்குக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். வகுப்பில் செல்போன் சிணுங்கினாலும், வராந்தாவில் பிகில் அடித்தாலும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். வாய் வலிக்கத் திட்டுவார். திட்டி முடித்ததும் முதுகில் ஒன்று வைத்து, "போ, போய்ப் பொழைக்கிற வழியப் பாரு" என்பார். அதோடு வழக்கு முடிந்தது. பையன்கள் அந்த அடிக்குத் 'தீர்ப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் திருவக்கரைப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியவர்கள். கூலியைக்கூடக் கையில் கை படாமல் மேலிருந்து போடுகிற ஊர் அது. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்தார். முதல் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தபோது, வாத்தியார் ஒருவர் அத்தனை பேர் முன்னாலும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அன்னிக்கு ராத்திரி சட்டையக் கயட்டாமலே படுத்துக்கினேன்யா" என்று இன்றைக்கும் சொல்வார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான் என்று அவருக்கு அன்றே முடிவாகிவிட்டது.

அந்தக் கையைத்தான் வெற்றிவேல் தட்டிவிட்டான்.

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்து பி.காம். சேர்ந்த பையன். வகுப்பில் கதவோரம் ஒரே இடம். அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். முகம் பார்த்துப் பேச மாட்டான். மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். 'மண்டைக்கனம்' என்றார்கள் சில ஆசிரியர்கள்.

கல்லூரிப் பொங்கல் விழாவில் மேளம் தொடங்கியதும் அவன் எழுந்துபோய் மைதானத்தின் கோடியில், கரும்புத் தோகை குவித்திருந்த இடத்தில் குந்திக்கொண்டான். பாவம், பிள்ளை தனியாக இருக்கிறானே என்று அப்பாதுரை பின்னாலேயே போனார். "இன்னாடா வெற்றி!" கை விழுந்தது. பையன் துள்ளித் திரும்பி அதை உதறித் தள்ளிய வேகத்தில், பேராசிரியர் தோகைக் குவியலில் மல்லாந்து விழுந்தார். கல்லூரியே பார்த்தது. வாத்தியார் மேலேயே கை வைத்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் எல்லா ஊர் பஸ்ஸிலும் சேதி போய்விட்டது.

விழுந்தது அவருக்குப் பெரிதில்லை. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார்: "தொட்ட கைய ஒதறிட்டான்டி. காலனியில இருந்தப்பகூட இப்டி வலிக்கல." அன்று சோறு இறங்கவில்லை.

பையனை டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதென்று பிரின்சிபால் தீர்மானித்துவிட்டார். அப்பாதுரை தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. கமிட்டி கூடிய அன்று, காலை மீன் ஏலத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பையனின் அம்மா அம்சவள்ளி வந்திருந்தாள்.

"உங்க பையன் வாத்தியாரை அடிச்சிருக்காம்மா" என்றார் பிரின்சிபால்.

அவள் வாய் திறப்பதற்குள், ஜன்னலைப் பார்த்தபடி வெற்றிவேல் சொன்னான்: "சார்தான் அடிச்சாரு. பின்னாடி வந்து அடிச்சாரு. 'மாணவர் மீது கை வைப்பவர் யாராக இருந்தாலும் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவர்'னு கேட்டாண்ட போர்டு வச்சிருக்குது. சாரை எப்ப நீக்குவீங்க?"

ராகிங்கைத் தடுக்க வைத்த போர்டு அது. வாசகம் அப்பாதுரையுடையது. 'யாராக இருந்தாலும்' என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னதும் அவரேதான்.

"பாத்தீங்களா சார் திமிரை!" என்று பிரின்சிபால் மேஜையைக் குத்தினார். உண்மையில் அந்தக் குரலில் திமிர் இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்கிற குரல்தான். அம்சவள்ளி பதறிப்போய், "டேய், சும்மா இருடா" என்று அவன் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை ஒரு சாண் தள்ளியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

அப்பாதுரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நீங்ககூடவா?" என்று கேட்டார்.

"ஆட்டிசம்னு பாண்டிச்சேரி டாக்டரு சொன்னாருங்க. திடீர்னு மேல கை பட்டா அவனுக்கு நெருப்பு பட்டாப்பல. பெத்தவ நானே சொல்லிட்டுதான் தொடணும். சேக்கறப்பவே ஆபீசுல சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல. ஆளப் பாத்து ஒதறுறவன் இல்லீங்க சார். அவனுக்கு எல்லா கையும் ஒண்ணுதான்."

கடைசி வார்த்தை எங்கே போய்ப் பட்டதோ, அப்பாதுரை கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "அய்யா, அவன் என்னை அடிக்கல. நான்தான் அடிச்சேன். போர்டுல போட்டது போட்டதுதான். நீக்கறதுன்னா என்னை நீக்குங்க." பிரின்சிபால் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டி.சி.யை மேஜைக்குள் தள்ளினார்.

அதற்குப் பிறகு பேஜார் முழுக்க அந்தக் கைக்குத்தான். அவனிடம் போவதென்றால் முன்பக்கமாகப் போய், "வெற்றி, வர்றேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மேளமோ மைக்கோ உண்டென்றால் முதல் நாளே சொல்லி, லைப்ரரியில் உட்காரச் சொல்ல வேண்டும். "ஜாடையில பேசினா அவனுக்கு ஏறாது. இதப் பண்ணு, இங்க உக்காருன்னு நேரா சொல்லுங்க" என்று மற்ற ஆசிரியர்களோடு மல்லுக்கட்டினார். அவனிடமும் ஒரு விதி பேசிக்கொண்டார்: "புடிக்கலன்னா தள்ளாத. 'தொடாதீங்க'ன்னு வாயால சொல்லு." அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். டிக்கெட் கொடுக்கிற கண்டக்டருக்கும் அதே பதில்தான்.

பழகிய கை சும்மா இருக்குமா? அவனைக் கண்டதும் தானாக எழும். இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "சார் கைக்கு லீவா?" என்று பையன்கள் ஓட்டுவார்கள். பிறகு ஒரு வழி கண்டார். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் அவன் மேஜையில் இரண்டு தட்டு, டொக் டொக். அவன் நிமிர மாட்டான். ஆனால் அன்றைக்கெல்லாம் நோட்டை மூட மாட்டான்.

போன மாதம் படிப்பு முடிந்து டி.சி. வாங்க வந்திருந்தான். அம்சவள்ளி வாசலில் நின்றாள். அப்பாதுரை குனிந்து அதை எழுதிக்கொண்டிருந்தார். வெற்றிவேல் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்து, "சார், வர்றேன்" என்று குரல் கொடுத்து நின்றான். அவர் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து நீட்டினார். கை எழுந்தது, இடது கை அதைப் பிடித்துக்கொண்டது. அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். பிறகு குனிந்து, அவருடைய மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினான்.