முழு லோடோடு ஓர் இறக்கம்

கம்பெனியில் அவரை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதாகியும் லாரி சீட்டைத் தவிர வேறெங்கும் மனிதரால் நிலையாக உட்கார முடியாது. டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவரை ஒரு குளிரூட்டிய அறைக்குள், ஓடாத லாரியில் உட்கார வைத்துத் தேர்வு வைத்தால் எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். இத்தனை காலம் கம்பெனி லாரிகள் மலைக்குச் சரக்கு ஏற்றிப் போய், இறங்கும்போது காலியாகத்தான் இறங்கும். இப்போது மேலே இருக்கும் குவாரியிலிருந்து கல் இறக்க ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இனி முழு லோடோடு இறங்க வேண்டும். திரையில் சாலை ஓடும் அந்த ஓடாத லாரியில், அதாவது சிமுலேட்டரில் தேறினால் மலை வண்டி, தேறாவிட்டால் கிடங்குக்குள்ளேயே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துகிற வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"பொம்மை வண்டி ஓட்டித்தான் நான் யாருன்னு காட்டணுமா?" என்று பம்பரம் வீட்டில் வந்து குதித்தார். குதித்தவர் சும்மா இருந்தாரா? மகளின் கம்ப்யூட்டரில் இருந்த லாரி விளையாட்டை ஒரு வாரம் விடாமல் ஓட்டினார். அதில் க்ரூஸ் கண்ட்ரோலை நாற்பதில் வைத்துவிட்டால் போதும், எப்பேர்ப்பட்ட இறக்கத்திலும் வண்டி நாற்பதைத் தாண்டாது. பிரேக்கை நாள் முழுக்க மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. இவ்வளவுதானா சங்கதி என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏங்க, விளையாட்டும் அதுவும் ஒண்ணா?" என்றாள் மனைவி.

"எல்லாம் ஒண்ணுதான். நீ போய் வேலையைப் பாரு."

தேர்வு நாளன்று, திரையில் தெரிந்த அந்தக் குவாரி மலையின் உச்சியில் க்ரூஸை நாற்பதில் வைத்துவிட்டு, கால் மேல் கால் போடாத குறையாகச் சாய்ந்துகொண்டார். நாற்பது ஐம்பதாயிற்று. ஐம்பது அறுபதாயிற்று. பதறிப்போய் பிரேக்கில் கால் வைத்தவர் எடுக்கவே இல்லை. முதல் இரண்டு வளைவு வரை வண்டி கேட்டது. மூன்றாவது வளைவில் கேட்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

பயிற்சியாளர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். "க்ரூஸ் டீசலைத்தான் குறைக்கும் அண்ணே, பின்னாடி இருக்கிற பாரம் தள்ளுறதைப் பிடிச்சு வைக்காது. உச்சியிலயே சின்ன கியர் போட்டு, இன்ஜின் பிடிப்புல இறங்கணும். வேகம் ஏறினா அழுத்தி மிதிச்சுக் குறைச்சுட்டு காலை எடுத்துடணும். மிதிச்ச மேனிக்கே வந்தா பிரேக் சூடேறிச் செத்துடும். நாளைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு."

"இருபத்தாறு வருஷமா நான் மிதிச்ச மேனிக்குத்தான் இறங்கறேன். ஒண்ணும் ஆனதில்ல."

"காலி வண்டியிலதானே?"

பம்பரம் சீட்டிலிருந்து எழுந்து, மூன்றாவது வளைவில் நின்றுபோயிருந்த திரையையே பார்த்தார்.

முழு லோடோடு அவர் இறங்கியது ஒரே ஒரு தடவை, பதினோரு வருடத்துக்கு முன்னால், ஏதோ ஓர் அவசரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு. அன்றைக்கு அதே மலையில், மூன்றாவது வளைவில்தான் பிரேக் பிடிக்காமல் வண்டியைப் பாறையில் கொண்டுபோய் மோதினார். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தப்பித்தார். லாரி எரிந்து கரியாகிவிட்டதால் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. முந்தின நாள் பிரேக் வேலை பார்த்தவன் கம்பெனி மெக்கானிக். அவருடைய மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. "அவன்தான் சரியா வேலை பார்க்கல" என்று விசாரணையில் அடித்துச் சொன்னார். அவன் வேலை போயிற்று. அதோடு விட்டாரா? அவன் வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று மனைவிக்கும் தடை போட்டார். பாவி மனுஷன், பதினோரு வருடம் அக்காவையும் தம்பியையும் பிரித்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தார், எழுந்தார். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். மகள் டிவி பார்க்கிறாள் என்று அவள் மேல் எரிந்து விழுந்தார். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் பயிற்சி அறை வாசலில் போய் நின்றார்.

"க்ரூஸ் இல்லாத பழைய லாரி இதுல இருக்கா? இருபத்தஞ்சு டன் கல்லு ஏத்துங்க. அந்தக் காலத்துல நான் எப்படி ஓட்டினேனோ அப்படியே ஓட்டிப் பார்க்கணும்."

அவள் ஏனென்று கேட்காமல் மாற்றிக் கொடுத்தாள். அவரும் அப்படியே ஓட்டினார், பெரிய கியரில், பிரேக்கில் கால் வைத்த வைப்பில். திரை ஓரத்தில் பிரேக் சூட்டின் எண் ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது வளைவு வந்தது. மிதித்தார், வண்டி கேட்கவில்லை. இன்னும் அழுத்தினார், கேட்கவில்லை.

"வேணும்னே பிரேக்கை லூஸா வெச்சிருக்கீங்களா?" அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று அவள் சொல்லிவிடமாட்டாளா என்று தவித்தார்.

"இல்லண்ணே. நூத்துக்கு நூறு. புது பிரேக்."

இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் மூன்றாவது வளைவில்தான் போயிற்று. மூஞ்சியில் ஈயாடவில்லை. எழுந்து வெளியே வந்தவர் தேர்வைப் பற்றி நினைக்கவே இல்லை. மைத்துனன் மேல் போட்ட பழியைத்தான் நினைத்தார், வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "கிளம்பு, உன் தம்பி கடைக்குப் போகலாம்" என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டினாள்.

மைத்துனன் இப்போது ஒரு சின்னக் கடையில் மின்விசிறி ரிப்பேர் செய்கிறான். வண்டி வேலை என்றால் சைக்கிளைக்கூடத் தொடுவதில்லை. அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவளுக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளத்தான் முடிந்தது.

பம்பரம் உட்காரவில்லை. "மச்சான், அன்னிக்கு பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. பெரிய கியர்ல, மிதிச்ச காலை எடுக்காம இறங்கினேன். தப்பு என்னோடது. நாளைக்கு மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன். மலை வண்டி போனா போகட்டும்."

அவன் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அவனோ ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான்.

"எந்த கியர் மாமா?"

"ஆறு."

"லோடு?"

"இருபத்தஞ்சு டன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கணக்குப் போடுகிறவன்போல இருந்தான். "ஆறாவது கியர்ல அந்த லோடுக்கு எந்த பிரேக்கும் தாங்காது" என்று முணுமுணுத்தான்.

"அன்னிக்கு ஆறு சக்கரத்துக்கும் பிரேக்கை நான்தான் அட்ஜஸ்ட் பண்ணேன். அஞ்சு நல்லா ஞாபகம் இருக்கு. கடைசிச் சக்கரத்து போல்ட்டை முறுக்கினேனா இல்லையான்னு மட்டும் ஞாபகமே வரல. பதினோரு வருஷமா யோசிக்கறேன் மாமா. உங்களைக் கொல்லப் பார்த்தது நான்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

பம்பரத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனும் அவரைப் பார்க்கவில்லை. அக்கா பக்கம் திரும்பி, சின்னப் பையன்போலச் சொன்னான்.

"அக்கா, நான் முறுக்கித்தான் இருக்கேன்."