ஒதீலின் கையில் பூத்த லில்லி

பிரான்ஸில் வாசனைத் தைலத்துக்குப் பேர்போன எங்கள் கிராஸ் ஊரில் ரோஜாவைக் காய்ச்சினால் எண்ணெய் தரும். மல்லிகை, கொழுப்பில் தன் வாசனையை விட்டுப்போகும். லில்லி மட்டும் எதற்கும் மசியாது. கிராம்பு, ரோஜா, பச்சைத்தழை, துளி அழுகல் வாடை என்று எதையெதையோ கலந்துதான் அதை உண்டாக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுதவர் முசியே இஸ்னார். அவருக்கு எண்ணெய்களை நிறுத்துக் கொடுப்பவள் நான்.

கலந்ததையெல்லாம் அவர் ஒதீலின் முன்கையில் தடவித்தான் முகர்வார். ஒதீல் அங்கே புட்டி கழுவுகிறவள், என் சிநேகிதி. காகிதக் கீற்றில் வாசனை வளராது என்பார். வருடக்கணக்காக அந்தக் கையில் முதலில் பச்சை வாடை, பிறகு கிராம்பு, கடைசியில் உப்புப் போட்ட பன்றிக்கறி.

"மதிய சாப்பாட்டுக்கு ரொட்டி மட்டும் கொண்டா போதும்டி, கறி என் கையிலயே இருக்கு" என்று சிரிப்பாள் அவள்.

அந்தக் குளிர்காலத்தில் கறி வாடை காணாமல் போனது. கிராம்பு அடங்கியதும், ஈரத்தோடு விரிந்த லில்லி சாயங்காலம் வரை அவள் கையிலேயே நின்றது. முசியே குழந்தை மாதிரி கை தட்டினார். ஒதீல் இளைத்துக்கொண்டே போனதும், விடாமல் இருமியதும் எனக்குத்தான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போடி."

"இந்த லில்லியை விலை பேச பாரிஸ்காரங்க வராங்கல்ல, அவங்க வந்து வாங்கிட்டுப் போகட்டும். மருந்து சாப்பிட்டா தோல் வாடை மாறிடும்."

"உயிரைவிட அது பெருசா?"

"புட்டி கழுவுற கைடி இது. இதுல ஒரு பூ பூத்திருக்கு. நானே கெடுத்துக்கவா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஈஸ்டர் கழிந்து பாரிஸ்காரர்கள் வந்தார்கள். ஒதீலின் கையை முகர்ந்து சொக்கிப் போனார்கள். அவர்களில் ஒரு அம்மாள் தன் கையிலும் தடவச் சொன்னாள். சற்று நேரத்தில் முகத்தைச் சுளித்தாள். அடுத்தவர் கையிலும் அதே பன்றிக்கறி.

முசியேவுக்கு முகம் வெளிறியது. ஒதீலின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"கொதிக்குதே! எப்பலேருந்து காய்ச்சல்?"

"உங்க லில்லி பூத்ததுலேருந்து, முசியே."

அத்தனை காலம் அந்தக் கை மேல் மூக்கை வைத்திருந்த மனிதர், அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

நுரையீரல் முழுக்கப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். மல்லிகைப் பறிப்பு தொடங்குமுன் அவளை அடக்கம் செய்தோம். முசியே குலுங்கிக் குலுங்கி அழுதார். அது பொய் அழுகை இல்லை.

மறுவாரம் புதுக் கலவையோடு என் மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"மதாம், கொஞ்சம் உங்க கையைக் குடுக்க முடியுமா?"

சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே, முசியே."