மதுவிலக்குக்காரர் கலந்த பெற்றோல்

எழுபதுகளில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கார் ஓட்டும் சோதனைக்கு நாள் குறித்தார்கள். நிலாவெளியில் எனக்குப் படிப்பிக்கும் வேலை. காலை பஸ்ஸோ தன் இஷ்டத்துக்கு வரும். இனியும் பிந்தி வந்தால் இடமாற்றத்துக்கு எழுதிவிடுவேன் என்று அதிபர் சொல்லியிருந்தார். லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும். இதைத் தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்குமோ யாருக்குத் தெரியும்.

எங்களிடம் இருந்தது, கடற்படைத் தளத்தை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விற்ற கிழட்டுக் கார். தாங்கியில் கிடந்த பெற்றோல் சோதனைக்குக் காணாது. நல்ல ஸ்பிரிட் கொஞ்சம் கலந்தால் சமாளிக்கலாம் என்று கராஜ்காரர் என் மனிதரிடம் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் ஸ்பிரிட் இல்லை. அகப்படக்கூடியது களவாகக் காய்ச்சும் சாராயமான கசிப்பு ஒன்றுதான்.

என் மனிதரோ எங்கள் கிறிஸ்தவ சபையின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். இருமல் மருந்தைக்கூட மணந்து பார்த்துத்தான் குடிப்பார். அப்படிப்பட்டவர் பட்டப்பகலில் போய், மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு போத்தலை வாங்கி வந்தார். குடிக்கிற ஆள் என்றால் பற்றுகிறதா என்று ஒரு சொட்டை நெருப்பில் விட்டுப் பார்த்திருப்பார். இவருக்கு அந்தச் சூட்சுமம் எங்கே தெரியும். விற்றவர் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கொடுத்துவிட்டார். இவரும் அதை அப்படியே தாங்கியில் ஊற்றிவிட்டார்.

சோதனையன்று உவர்மலை ஏற்றத்தில் காரைப் பாதியில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மறுபடி எடுக்கச் சொன்னார் சோதனை அதிகாரி. கார் விக்கிவிட்டு அணைந்தது. எனக்கு வந்த கோபத்தில் இறங்கிப் பொனெற்றைத் திறந்தேன். பெற்றோல் பம்பின் அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. கழற்றி ஊற்றினேன். அதிகாரி கிட்ட வந்து மணந்து பார்த்தார்.

“ரீச்சர், இது கசிப்பெல்லோ? அதுவும் தண்ணி விட்ட சாமான்.”

“ஓம். வாங்கினவருக்குக் குடிக்கத் தெரியாது.”

அவர் சிரித்தே விட்டார். “சரி, ஏலுமெண்டால் இப்ப எடுங்கோ பாப்பம்.”

கிண்ணம் தெளியும்வரை ஊற்றி ஊற்றிப் பூட்டினேன். ஏறி எடுத்தபோது கார் ஒரு சாண்கூடப் பின்னுக்குப் போகவில்லை.

லைசென்ஸ் கிடைத்த சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். ஊருக்குப் பெற்றோல் வந்திருந்ததால் கோயிலுக்குக் காரிலேயே போனோம். ஆராதனை முடிய, ஒருவர் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார்: “எங்கட செயலாளர் கசிப்பு வாங்கினவராம். மெய்யோ?”

பழியைக் கராஜ்காரரில் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம். இவர் எழும்பி நின்றார்.

“ஓம், நான்தான் போய் வாங்கினனான். மனிசி லைசென்ஸ் எடுக்கவேணும், காருக்குப் பெற்றோல் இல்லை. இன்னொருக்கா இப்பிடி வந்தாலும் வாங்குவன். செயலாளர் வேலைக்கு வேற ஆளைப் பாருங்கோ.”

வெளியே வந்து, ஓட்டும் இடத்தை எனக்கு விட்டு, காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து தானாகவே ஏறி இருந்தார். கலியாணம் கட்டி அத்தனை வருஷத்தில் இந்த மனிதரில் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. காரை எடுத்துக்கொண்டே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

“றோட்டைப் பாத்து ஓட்டும்,” என்றார்.