குழுக் கணக்குப் போட்டியும் பறக்கும் படையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கோலப் போட்டி உண்டு, பேச்சுப் போட்டி உண்டு, மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டிகூட உண்டு. கணக்குக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. கணக்குக்குத்தான் பரீட்சை இருக்கிறதே, போட்டி வேறு எதற்கு என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். கணக்கு டீச்சரான நானும் அப்படியே இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரியாததுதான் என்னைப் பிடித்த சனி.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். பள்ளிக்கு நான்கு பிள்ளைகள். நான்கு பேருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே விடைத்தாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேசி, வாதாடி, விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணக்குக்காகச் சண்டை போடுவதை ஒரு நாளாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

ஹாலைப் பார்த்துக்கொள்ள வேறொரு பள்ளியின் அறிவியல் சார் ஒருவர் தானாகவே முன்வந்தார். பொதுத்தேர்வு சமயத்தில் பறக்கும் படையில் போய் பிட்டு அடிக்கிற பிள்ளைகளைப் பிடிப்பதில் பேர் போனவர். சாக்ஸுக்குள் ஒளித்த பிட்டை வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். என்பார்கள் என்றால், அவர்தான் சொல்வார். முந்தின வாரம் அவரை உட்காரவைத்து, டீயும் உளுந்தவடையும் வாங்கிக் கொடுத்து, விதிமுறைகளை வரிவரியாகச் சொன்னேன். "சொல்லியாச்சுல்லா டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மகராசன், பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்.

போட்டியன்று காலையில், பேரே கொடுக்காத ஒரு பள்ளி சிவகிரியிலிருந்து திடுதிப்பென்று வந்து இறங்கியது. அவர்களுக்கு வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க எதிர்க் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் ஹாலில் ஈ பறக்கிற சத்தம் கேட்கிறது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பள்ளியின் நான்கு பிள்ளைகளும் நான்கு மூலையில் இருந்தார்கள். ஒவ்வொரு பள்ளியும் அப்படித்தான். வினாத்தாள் குழுவுக்கு ஒன்றுதானே, அதனால் நாலில் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. வராந்தாவில் சுவரோரமாக நான்கு பெண் பிள்ளைகள் நின்றார்கள். இளையரசனேந்தல் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய விடைத்தாளில் குறுக்காகச் சிவப்பு மையில் கோடு.

"என்ன சார் இது?"

"வாயத் தொறந்து கேள்விய வாசிக்கா டீச்சர், என் கண்ணு முன்னாடியே! அங்கன இருந்து இன்னொருத்தி பதில் சொல்லுதா. கையும் களவுமா பிடிச்சிட்டேன்லா."

"இது பேசிப் போடுற போட்டி சார். அன்னைக்கு அவ்வளவு நேரம் சொன்னேனே!"

"பேசிப் போடுறதுக்குப் பேரு கணக்கா டீச்சர்? அதுக்குப் பட்டிமன்றம்னு போட்டிருக்கணும்." விதிமுறைத் தாளை நான் அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "கலந்து பேசின்னு போட்டிருக்கு, வாஸ்தவம்தான். சத்தமா பேசலாம்னு போடலையே?"

அடப்பாவி மனுஷா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அதற்குள் அவர் அடுத்த குண்டைப் போட்டார். "இந்தப் பிள்ளைக எச்.எம். நம்ம ஆளுதான். அப்பவே போன்ல சொல்லிட்டேன், இப்படி இப்படி நடந்துபோச்சுன்னு."

வராந்தாவில் வினாத்தாளை வாசித்த பிள்ளை தேம்பி அழ ஆரம்பித்தாள். துணைக்கு வந்த தையல் டீச்சரோ, வந்ததும் வந்தோம் அம்பாளையும் கும்பிட்டுவிடலாம் என்று கோயிலுக்குப் போயிருந்தார்.

"எங்க ஸ்கூல்ல இருந்து யாரையும் வெளிய அனுப்புனதே இல்ல டீச்சர்" என்றாள் அழுதுகொண்டே. "நாங்கதான் கெஞ்சிக் கூத்தாடி வந்தோம். இப்படிப் பேராயிட்டா எங்க எச்.எம். சாரு இனி எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சிவப்புக் கோட்டுத் தாளை அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டேன். எல்லோரையும் எழுப்பி, பள்ளிவாரியாக ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, புதுத்தாள் கொடுத்து, மேடை ஏறி மைக்கில் கத்தினேன். "இனிமே எல்லாரும் பேசலாம். நல்லாப் பேசுங்க. சண்டை போடுங்க!"

ஒருவரும் பேசவில்லை. முதல் ரேங்க் பிள்ளை தாளை இழுத்துக்கொண்டது, மற்ற மூன்றும் கையைக் கட்டிக்கொண்டன. ஒரு பையன் தன் குழுக்காரன் பார்த்துவிடாமல் விடைத்தாளை முழங்கையால் மறைத்துக்கொண்டே எழுதினான். பத்து வருஷப் படிப்பு, லேசுப்பட்டதா?

வராந்தாவில் நின்ற அந்த நான்கு பேரின் பெஞ்சுப் பக்கம் போனேன். பத்துப் பேர் ஒருவருக்கொருவர் ஒரு தடவை கை கொடுத்தால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல் என்பது முதல் கேள்வி. அழுத பிள்ளை தொண்ணூறு என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்தாள், தாவணி நுனியை வாயில் வைத்துக் கடித்தாள், குனிந்துகொண்டாள். நடத்துகிறவள் வாய் திறக்கக் கூடாதே என்று நானும் நகர்ந்துவிட்டேன்.

அவர்கள் ஜெயிக்கவில்லை. பரிசளிப்பில் அறிவியல் சார் மைக்கைப் பிடித்து, "இவ்வளவு கட்டுப்பாடான ஒரு போட்டியை நான் பார்த்ததே இல்லை" என்று புகழ்ந்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தாவணிப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "முதல் கணக்கு தப்புன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர். நான் அவளுக்குக் கை குடுத்தாலும் அவ எனக்குக் குடுத்தாலும் ஒண்ணுதானே. பாதியாக்கணும். நாப்பத்தஞ்சு."

"பின்ன ஏன் சொல்லலை?"

"மறுபடியும் வெளிய நிப்பாட்டிட்டா?"

அவளே தொடர்ந்தாள். "எங்க எச்.எம். சாருக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க டீச்சர். நீங்க சொன்னா நம்புவாரு."

அங்கேயே நின்று போட்டேன். மறுமுனையில் அவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். "சார், உங்க பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்தப் போட்டியே பேசுறதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். கடைசியில பேசுனாங்களா, பேசலையா? அத மட்டும் சொல்லுங்க."

நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பேசலை சார்" என்றேன். "ஒரு வார்த்தைகூடப் பேசலை."

"அப்போ சரி. அடுத்த வருஷமும் அனுப்புதேன்" என்றார்.